முட்டைக்குழி எண்ண ஓடைக்குள் இறங்கலாமா?

ஓடைக்காரன்:
ரொறன்ரோவுக்குக் கிழக்கே டஃபின்ஸ் ஓடையின் மேல்பக்கம், கிளென் மேஜருக்குக் கீழே, ஒக்டோபர் கடைசியில் ப்ரூக் ட்ரவுட் என்ற குளிர்நீர் மீன் முட்டையிடும் இடங்களைத் தேடிக் குறிக்கப் போகிறேன். ஏஜாக்ஸ், பிக்கரிங் பக்கத்து ஆக்கள் நாலைந்து பேர் வந்தால் காணும். மீன் பிடிப்பதில்லை, எண்ணுவது மட்டும்தான். போலராய்ட் கண்ணாடி கட்டாயம், அது இல்லாவிட்டால் தண்ணீருக்கு மேலே வானம்தான் தெரியும்.

கரைக்காகம்:
அண்ணை, எண்ணம் நல்லதுதான், ஆனால் ஐந்து பேர் ஓடைக்குள் நடந்து திரிந்தால் எண்ணுவதற்கு முட்டை மிஞ்சுமா? பெண் மீன் வாலால் அடித்துத் தோண்டுகிற பள்ளம், பாசி பிடித்த கல்லுக்கு நடுவில் வெளிறிப்போய்க் கண்ணுக்குத் தெரியும், அதை மிதிக்கக்கூடாது என்று கவனமாகச் சுற்றிப்போய்க் காலை வைப்பது அதற்கு நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் இருக்கிற சரளை மேட்டில். முட்டை கிடப்பதே அந்த மேட்டுக்குள்தான். போன வருஷம் ஒரு குழுவோடு போனபோது நானே அப்படி மிதித்திருக்கிறேன், சப்பாத்துக்குக் கீழே கல் சரிந்த பிறகுதான் விளங்கியது. மொன்டானாவில் 1992இல் வெளியான ஆய்வொன்றில், பொரிப்பதற்குச் சற்று முன் ஒரே ஒரு தடவை மிதித்ததற்கே முட்டைகளில் 43 சதவீதம் வரை செத்திருக்கிறது.

ஓடைக்காரன்:
நீங்களே சொல்கிறீர்கள், பொரிப்பதற்குச் சற்று முன் என்று. அது குளிர்காலக் கடைசி. நாங்கள் போவது முட்டையிடுகிற நேரம்.

கரைக்காகம்:
புதிதாய் இட்ட முட்டை மட்டும் இரும்பா? இட்டு இரண்டொரு நாளுக்குப் பிறகு, உள்ளே கண் கறுப்பாகத் தெரியும் வரைக்கும், அதுவும் அதிர்ச்சி தாங்காது.

நுணுக்கன்:
இரண்டு பேரும் அடிபடுகிறீர்கள், நான் கேட்பது வேறு: எண்ணி என்ன கிடைக்கும்? பெண் மீன் சும்மா தோண்டிப் பார்த்துவிட்டு முட்டை போடாமல் விட்டுப்போகிற பள்ளங்களும் உண்டு. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த ப்ரவுன் ட்ரவுட்டும் இதே ஒக்டோபர், நவம்பரில்தான் முட்டையிடும், சில வேளை ப்ரூக் ட்ரவுட்டின் குழியையே கிளறிவிட்டு அதற்கு மேல் தன்னுடையதைப் போடும். கீழ்ப்பக்கம் போனால் சினூக் சால்மன் தோண்டிய குழிகள் வேறு. அதற்கு மேல் மேப்பிள் இலை விழுந்து மூடியிருக்கும். இந்த வருஷம் 20, அடுத்த வருஷம் 12 என்றால் மீன் குறைந்துவிட்டது என்பீர்களா, அல்லது அன்றைக்கு வெயில் இல்லை என்பீர்களா?

ஓடைக்காரன்:
எண்ணிக்கையை நானும் பெரிதாக நம்பவில்லை. இடம்தான் முக்கியம். 2022 டிசம்பரில் டஃபின்ஸ்-ரூஜ் விவசாயக் காப்பு நிலத்தை ஒன்ராறியோ மாகாண அரசு, கட்டடம் கட்டத் தடையுள்ள கிரீன்பெல்ட் வலயத்திலிருந்து எடுத்தது, எதிர்ப்புக் கிளம்பி 2023இல் திரும்பச் சேர்த்தது. இந்தப் பக்கத்திலேயே கட்ட இருந்த பிக்கரிங் விமான நிலையத் திட்டத்தை மத்திய அரசு கைவிட 2025 ஜனவரி வரை ஆனது. இனி மேல்பக்கம் யாராவது கட்டவோ தோண்டவோ வந்தால், இங்கே மீன் முட்டையிடுகிறது என்று எழுத்தில் இல்லாத ஓடையை வெறும் வாய்க்கால் என்றுதான் சொல்வார்கள்.

நுணுக்கன்:
அப்படியென்றால் குழியை விட்டுவிட்டு ஊற்றைக் குறியுங்கள். ப்ரூக் ட்ரவுட் கண்ட இடத்தில் முட்டையிடாது, சரளைக்கு அடியிலிருந்து நிலத்தடி நீர் ஊறுகிற இடம்தான் பார்க்கும். அந்தத் தண்ணீர் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருப்பதால்தான் குளிரிலும் முட்டை உறைவதில்லை. ஓக் ரிட்ஜஸ் மேட்டு மணலுக்குள் இறங்கிய மழைதான் அங்கே ஊற்றாக வருகிறது. ஜனவரியில் ஓரமாக நடந்து பாருங்கள், சுற்றிலும் பனி கிடக்க ஒரு துண்டு மட்டும் உறையாமல், வோட்டர்கிரெஸ் என்ற நீர்க்கீரை பச்சையாக நிற்கும். கரையிலிருந்தே நீட்டுத் தடியில் தெர்மோமீட்டரைக் கட்டிப் பிடித்தால் போதும், ஒருவரும் இறங்க வேண்டாம்.

தூண்டில்தம்பி:
மன்னிக்கவும், நான் மீன் பிடிக்கிறவன். அண்ணை, முதல் பதிவிலேயே ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டீர்கள்! முட்டையிட வந்த மீன் முழங்காலளவு தண்ணீரில், ஆளைக் கண்டாலும் இடத்தை விட்டுப் போகாமல் நிற்கும், கையாலேயே பிடிக்கலாம். சீசன் மூடியிருந்தாலும் வருகிறவன் வருவான். வரைபடத்தை இங்கே போடாதீர்கள்.

ஓடைக்காரன்:
ஓம் தம்பி, அது என் பிழை. வரைபடத்தை ரொறன்ரோ பிராந்தியப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு மட்டும் கொடுக்கலாம். ஆனால் ஜனவரியில் மட்டும் பார்த்தால் ஊற்று இருக்கிறது என்றுதான் தெரியும், மீன் அதைப் பயன்படுத்துகிறதா என்று தெரியாது. ஆகவே நவம்பர் முதல் வாரம் ஒரு தடவை, இரண்டே பேர், கரையில் மட்டும். பிறகு ஜனவரியில் தெர்மோமீட்டர்.

நுணுக்கன்:
சரி, தெர்மோமீட்டர் என்னுடையது. தடி நீங்கள் கொண்டுவாருங்கள்.

கரைக்காகம்:
அந்த இரண்டாவது ஆள் நான். யார் தண்ணீருக்குள் கால் வைத்தாலும் கத்துவேன்.