கிளாஸ்கோல பாக்க என்ன இருக்கு? அப்பா அம்மாவோட போறோம்

டேம் ரோட்டுக்காரன் (கிருஷ்ணகிரி):
வணக்கங்க. தங்கச்சி ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ யுனிவர்சிட்டில எம்எஸ்சி முடிச்சிட்டா, டிசம்பர்ல கான்வொகேஷன், அப்பா அம்மாவ கூட்டிட்டு நானும் போறேன். பெங்களூர்ல ஏறி துபாய்ல மாறி நேரா கிளாஸ்கோலயே எறங்குற மாதிரி டிக்கெட் போட்டாச்சு. கேக்குற ஆளெல்லாம் எடின்பரோ போங்க, அங்கதான் கோட்டை இருக்கு, கிளாஸ்கோ வெறும் பேக்டரி ஊருன்றாங்க. அப்பா ரிட்டயர்டு ஹிஸ்டரி வாத்தியார், பழைய எடம்னா உசுரு. அம்மாவுக்கு முட்டி வலி, ஏத்தம் ஆகாது. அங்க இருந்தவங்க சொல்லுங்க, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

தகடூரான் (தருமபுரி):
பேக்டரி ஊருன்றவங்க ஹை ஸ்ட்ரீட் பக்கமே போயிருக்க மாட்டாங்க தம்பி. கதீட்ரல்லேர்ந்து ஆரம்பிங்க. ஆறாம் நூற்றாண்டுல இருந்த செயின்ட் மங்கோவோட சமாதி மேல எழும்பின கோயில், ஊரே அதச் சுத்தி வளந்ததுதான். 1560ல ஸ்காட்லாந்து புராட்டஸ்டன்ட் பக்கம் மாறினப்போ பல பெரிய கோயிலுங்க பாழாப் போச்சு, இது ஏறக்குறைய முழுசா தப்பிச்சிது. எதிர்லயே 1471ல கட்டின பிராவண்ட்ஸ் லார்ட்ஷிப் வீடு. பின்னாடி குன்றுல நெக்ரோபோலிஸ்னு பெரிய கல்லறைத் தோட்டம், அம்மா கீழ நின்னே பாக்கட்டும்.

அப்புறம் மெர்ச்சன்ட் சிட்டின்ற ஏரியா, இத அப்பாகிட்ட கண்டிப்பா சொல்லுங்க. 18ஆம் நூற்றாண்டுல அமெரிக்காவுல அடிமைங்க வெளைய வெச்ச புகையிலை வந்து பணமா மாறின எடம் அது, தெரு பேரே வர்ஜீனியா ஸ்ட்ரீட்னு இருக்கும். அந்த வர்ஜீனியா யாவாரம் பண்ணவங்கள்ல ஒருத்தரு அலெக்சாண்டர் மன்றோ, அமெரிக்க சுதந்திரப் போர்ல யாவாரம் படுத்துப் போச்சு, மகன் ஈஸ்ட் இந்தியா கம்பெனி பட்டாளத்துல சேந்து 1780ல மெட்ராஸ் வந்து எறங்குறாரு. அதாங்க, பின்னாடி மெட்ராஸ் கவர்னரா இருந்த நம்ம தாமஸ் மன்றோ! 1761ல கிளாஸ்கோல பொறந்து உங்க தங்கச்சி படிச்ச அதே யுனிவர்சிட்டில படிச்சவரு. 1792ல பாராமகால், அதாவது நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கம், திப்புகிட்டேர்ந்து கம்பெனி கைக்குப் போனதும் ரீடு துரைக்கு கீழ வேலைக்கு வந்து 1799 வரைக்கும் நம்ம சீமையிலதான் இருந்தாரு. ஒவ்வொரு குடியானவன்கிட்டயும் நேரா வரி வாங்குற ரயத்வாரிய இங்கதான் நெலத்த அளந்து அளந்து பழகினாங்க. அங்க புகையிலை விழுந்ததுக்கும் இங்க நம்ம நெலம் அளந்ததுக்கும் நடுவுல ஒரு குடும்பந்தான் இருக்கு, அத அந்தத் தெருவுல நின்னு அப்பா யோசிக்கணும்.

ஓசூர் அக்கா:
தம்பி டிசம்பர்னா சாயங்காலம் நாலு மணிக்குள்ள இருட்டிடும், வெளிய பாக்குறதெல்லாம் காலைலயே முடிச்சிடுங்க. குடை காத்துல நிக்காது, தொப்பி வெச்ச மழைக்கோட்டு வாங்குங்க. மத்தியானத்துக்கு மேல கெல்வின்குரோவ் மியூசியம், 1901ல தொறந்தது, ஃப்ரீ, ஸ்பெயின் ஓவியர் டாலியோட சிலுவை ஓவியம் அங்கதான் இருக்கு, ஆர்கன் கச்சேரியும் நடக்கும், அம்மா உக்காந்து கேக்கலாம். கட்டடமே செவப்புக் கல்லு, நம்ம கருங்கல்லு பாத்து பழகின கண்ணுக்கு அவ்ளோ அழகா இருக்கும். யுனிவர்சிட்டி அங்கேர்ந்து கிட்ட, 1451ல ஆரம்பிச்சது. சப்வேன்னு பாதாள ரயில் 1896லேர்ந்து ஓடுது, ஒரே வட்டம், 15 ஸ்டேஷன், ஆனா பாதிக்கு மேல லிஃப்ட் இல்ல, அம்மாவோட போறப்ப டாக்சி எடுத்துக்குங்க.

ராயக்கோட்டை ரயில்:
மெர்ச்சன்ட் சிட்டி பக்கத்துல மாடர்ன் ஆர்ட் கேலரி இருக்கு, அதுவும் 1778ல ஒரு புகையிலை யாவாரி கட்டின மாளிகைதான். வாசல்ல குதிரை மேல வெலிங்டன் சிலை, தலையில டிராஃபிக் கோன் இருக்கும், ஊர் பசங்க வைக்கிறது. 1799ல திப்புவோட ஸ்ரீரங்கப்பட்டணம் சண்டைக்குப் போன ஆர்தர் வெல்லஸ்லிதான் பின்னாடி வெலிங்டன் பிரபு ஆனாரு, அந்தப் படை நம்ம ராயக்கோட்டை வழியாத்தான் போச்சு. ஆனா எடின்பரோவ விட்றாதீங்க, குயின் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்லேர்ந்து ரயில் ஒரு மணி நேரம் கூட ஆகாது, காலைல போயி ராத்திரி திரும்பிடலாம்.

டேம் ரோட்டுக்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மன்றோ மேட்டர படிச்சிக் காட்டினேன், அப்பா இப்பவே நோட்டு எடுத்து எழுதிட்டு இருக்காரு. கதீட்ரலுக்கு டிக்கெட் உண்டா?

தகடூரான்:
இல்ல தம்பி, ஃப்ரீதான். ஞாயித்துக்கிழமை காலைல பிரார்த்தனை நடக்கும், சுத்திப் பாக்குறவங்க மத்தியானத்துக்கு மேல போறதுதான் சரி. மங்கோ சமாதி கீழ்த்தளத்துல இருக்கு, படி எறங்கணும், அம்மா கையப் புடிச்சிக்குங்க.