புதுப்பிப்பு: அலுவலக எடைக் குறைப்புப் போட்டி முடிந்தது

ஜனவரியில் எழுதியிருந்தேன்: எங்கள் கோவை அலுவலகத்தில் ஒன்பது பேர் ஆளுக்கு 500 ரூபாய் போட்டு எடைக் குறைப்புப் போட்டி தொடங்குகிறோம், நான் 91.4 கிலோ, தாக்குப்பிடிப்பேனா என்று. நேற்றோடு 12 வாரம் முடிந்தது. இப்போது 84.6!

முதலிடம் கணக்குப் பிரிவு அக்காவுக்கு. அவர் குறைத்தது 5.6 கிலோதான், ஆனால் 68 கிலோவிலிருந்து. கிலோவை விட்டுவிட்டுச் சதவீதத்தைப் பாருங்கள் என்று இங்கே சிலர் சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டோம். அதுதான் நியாயம்.

முதல் வாரமே 2 கிலோ இறங்கியது. அதில் பெரும்பகுதி நீர். சோற்றைக் குறைத்தால் உடலில் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து கரையும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது தெரியாததால் ஆறாவது வாரம் எடை அசையாமல் நின்றபோது மனசு விட்டுப்போனது. அன்று மாலை அக்கா வந்து, "வாங்க தம்பி, ஒரு சுத்து நடந்துட்டு வரலாம்" என்று ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்குக் கூட்டிப்போனார். அப்புறம் ஒரு நாளும் விடவில்லை. நாலு மணி பஜ்ஜித் தட்டு போய், யாராவது ஒருவர் வீட்டுச் சுண்டல் வந்தது.

இடுப்பு 102 சென்டிமீட்டரிலிருந்து 94. இந்திய ஆண்களுக்கு 90க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இன்னும் நாலு பாக்கி. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டாயிற்று.

திங்கட்கிழமை அடுத்த சுற்று. இந்த முறை பதினாலு பேர்.