மறு: ஆர்ட், மியூசிக், பிளே தெரபி சொல்லித்தரும் கல்லூரி ஆசிரியருக்குத் தமிழில் என்ன பெயர்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். தொழிற்பெயர்களைத் தமிழாக்கும் நம் பட்டியலில், ஓவியம், இசை, விளையாட்டு வழியாகச் சிகிச்சை செய்பவர்களைக் கல்லூரியில் உருவாக்கும் ஆசிரியருக்குப் பெயர் தேடுகிறோம். இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில் கீழே.

> ‘கலைச் சிகிச்சை, இசைச் சிகிச்சை, விளையாட்டுச் சிகிச்சைப் பேராசிரியர்கள்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகலாமா? தொழிற்பெயர்ப் பட்டியலில் இன்னும் நிறைய பாக்கி கிடக்கிறது.

போகலாம் ஐயா, ஆனால் அப்படிப் போனால் மூன்று சொல்லும் மூன்று விதமாகத் தப்பாகப் புரியும். கடைசியில் இருக்கிற ‘பேராசிரியர்’ நாலாவது தப்பு. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போவோம்.

விளையாட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் மோசம். ‘விளையாட்டுச் சிகிச்சை’ என்று செய்தித்தாளில் பார்த்தால் எனக்கு நினைவுக்கு வருவது முழங்கால் ஜவ்வு கிழிந்த கபடி வீரர்தான். ‘விளையாட்டு மருத்துவம்’ என்ற சொல் ஏற்கெனவே அந்தப் பொருளில் நிலைத்துவிட்டது. அதோடு ஆசிரியரையும் சேர்த்து ‘விளையாட்டுச் சிகிச்சை ஆசிரியர்’ என்றால் கழுத்தில் விசிலோடு பி.டி. சார் வந்து நிற்பார். இங்கே பேசப்படுவதோ வேறு: பேச்சில் சொல்லத் தெரியாததை ஒரு குழந்தை பொம்மையிலும் மணலிலும் சொல்ல, கூட ஒரு பெரியவர் உட்கார்ந்து அதைக் கவனித்துத் துணையிருக்கும் முறை. 1920-களில் வியன்னாவிலும் பெர்லினிலும் உளப்பகுப்பாய்வு (ஃப்ராய்டு வழி வந்த மனச்சிகிச்சை) செய்தவர்கள் குழந்தைகளிடம் இதைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-ல் இதற்கென்றே நூல் எழுதி, குழந்தை முன்னே போகட்டும், சிகிச்சையாளர் பின்னால் போகட்டும் என்று நெறி வகுத்தார். ஆங்கிலத்தில் ஸ்போர்ட் வேறு, பிளே வேறு. நமக்கு இரண்டுமே விளையாட்டு.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு, அதை இலக்கணக்காரர்கள்தான் முதலில் பிடித்திருக்க வேண்டும். கண் சிகிச்சை என்றால் கண்ணுக்குச் செய்வது, பல் சிகிச்சை என்றால் பல்லுக்கு. அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் அப்படி இல்லை, அறுவையால், கதிர்வீச்சால் செய்வது. ஒன்று நான்காம் வேற்றுமைத் தொகை, மற்றது மூன்றாம் வேற்றுமைத் தொகை. தொகையில் உருபு மறைந்துவிடுவதால் எது எது என்று நாமாகத்தான் ஊகிக்க வேண்டும். பழகிய சொல்லில் ஊகம் சரியாக வரும், புதுச் சொல்லில் வராது. ‘ஓவியச் சிகிச்சை’ என்றால் அருங்காட்சியகத்தில் பழைய சுவரோவியத்தைச் செப்பனிடுகிற வேலை என்று ஒருவர் எடுத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் ‘வழி’ வேண்டும் என்கிறேன். ஓவியவழிச் சிகிச்சை, இசைவழிச் சிகிச்சை, விளையாட்டுவழிச் சிகிச்சை. தமிழ்வழிக் கல்வி என்று எத்தனையோ வருசமாகச் சொல்கிறோமே, அதே வழிதான். ‘விளையாட்டுவழி’ என்றதும் கபடி வீரர் தானே ஒதுங்கிவிடுகிறார், ஜவ்வு கிழிந்தவரை விளையாட வைத்து யாரும் குணப்படுத்துவதில்லை.

> தொல்காப்பியத்தில் ‘கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு’ என்று இருக்கிறதே, அதை மீட்கலாமே?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘பண்ணைச் சிகிச்சை’ என்று பலகை வைத்தால் கோழிப்பண்ணைக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். கெடவரலில் முதலில் கண்ணில் படுவது ‘கெட’ என்பதுதான், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற தாய் வாசலோடு திரும்பிவிடுவார். ‘ஓரை’ என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார். சங்கப் பாட்டில் பெண்பிள்ளைகள் ஆடும் விளையாட்டு அது, உண்மைதான், ஆனால் இன்றைக்கு ஓரை என்றால் பஞ்சாங்கம்.

இருந்தாலும் பழைய சொல் ஒன்றுக்கு நல்ல இடம் இருக்கிறது. லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்டு 1929-லேயே ஒரு தட்டில் மணலையும், பக்கத்தில் குட்டிக்குட்டி வீடு, மரம், மிருகம், மனிதர் பொம்மைகளையும் வைத்து, குழந்தைகள் தங்கள் உலகத்தைத் தாங்களே கட்டிக்காட்டும்படி ஒரு முறையைக் கொண்டுவந்தார். சுவிட்சர்லாந்தில் டோரா கால்ஃப் பின்னால் அதை உளவியலாளர் கார்ல் யுங்கின் வழியில் வளர்த்தெடுத்தார். இந்த உட்பிரிவுக்கு ‘சிற்றில்வழிச் சிகிச்சை’ என்று வைத்தால் என்ன? மணலில் சின்ன வீடு கட்டுவது சிற்றில். பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், படிக்காதவர்களுக்கும் சிறு இல் என்று பிரித்தால் புரியும். ‘வண்டல்’ கூட இதே விளையாட்டுத்தான், ஆனால் அது காவிரிப் படுகைக்குப் போய்விட்டது.

அடுத்தது ‘கலை’. இங்கே ஆங்கிலக்காரர்களுக்கே தகராறு உண்டு. ஒருமையில் ஆர்ட் தெரபி என்றால் வரைதல், வண்ணம், களிமண், வெட்டி ஒட்டுதல் ஆகியவை மட்டும். பன்மையில் ஆர்ட்ஸ் தெரபீஸ் என்றால் இசை, நாடகம், நடனம் எல்லாம் அடங்கும். நம்மிடம் கலை என்றால் அறுபத்து நாலு, போதாததற்குக் கலைக்கல்லூரியில் வரலாறும் பொருளாதாரமும் நடக்கின்றன, நாம் இங்கே அடித்துக்கொள்வதே கலைச்சொல்லுக்காக. அதனால் ‘கலைவழிச் சிகிச்சைகள்’ என்பதைக் குடைச் சொல்லாக வைத்துக்கொண்டு, ஆர்ட் தெரபியை மட்டும் ‘ஓவியவழிச் சிகிச்சை’ என்று ஒதுக்கலாம். களிமண் ஓவியமா என்று கேட்பீர்கள். இல்லைதான். இலங்கையில் ‘கட்புலக் கலை’ என்று பல்கலைக்கழகத் துறைகளிலேயே புழங்குகிறது, ‘கட்புலக்கலைவழிச் சிகிச்சை’ இன்னும் துல்லியம். ஆனால் வாய்க்குள் போகவில்லை. துல்லியம் பாடநூலுக்கு, ஓவியவழி பலகைக்கு என்று இரண்டையும் வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இனி சிகிச்சையா, மருத்துவமா, பண்டுவமா.

> சிகிச்சை வடசொல். ‘கலை மருத்துவம்’ என்றே சொல்லலாம். புறநானூறு 281-ல் புண்பட்ட வீரனுக்கு யாழ் மீட்டிக் காஞ்சிப்பண் பாடுகிறார்கள், இது நம்மிடம் இருந்த மருத்துவம்தான்.

பாட்டு அருமையான பாட்டு. வாசலில் வேப்பிலை செருகி, ஐயவி (வெண்கடுகு) தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சி பாடி ஒரு வீட்டைக் காவல் காக்கிறார்கள். ஆனால் அதிலிருந்து இன்றைய ஒரு தொழிலுக்குப் பெயர் எடுக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. தஞ்சை ஆபிரகாம் பண்டிதரையும் இழையில் ஒருவர் இழுத்திருந்தார். அவர் சித்த மருத்துவர், இசை ஆராய்ச்சியாளர், இரண்டும் உண்மை. மருத்துவத்தில் சம்பாதித்ததை இசைக்குச் செலவழித்தவர். அதை வைத்து ‘இசை மருத்துவம்’ என்று முடிச்சுப் போடுவது நம் ஆசை.

‘மருத்துவம்’ வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் வடமொழி, தென்மொழி கணக்கு இல்லை. மருத்துவம் வந்தால் பின்னாலேயே ‘மருத்துவர்’ வந்துவிடும். இயன்முறை மருத்துவர் என்று சொல்லப்போய் அவர்கள் டாக்டர் போட்டுக்கொள்ளலாமா கூடாதா என்று நடக்கிற சண்டையைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். இந்தத் துறைகளைத் தொடங்கியவர்கள் யார் என்று பாருங்கள். ஆர்ட் தெரபி என்ற பெயரை 1942-ல் வைத்த ஏட்ரியன் ஹில் ஓர் ஓவியர். காசநோயோடு சசெக்ஸில் ஒரு காசநோய் மருத்துவமனையில் கிடந்தபோது, படுக்கையில் வரைவது தனக்கு உதவியதைப் பார்த்து மற்ற நோயாளிகளையும் வரையவைத்தவர். 1959-ல் இங்கிலாந்தில் சேர்ந்து இசைவழிச் சிகிச்சை வேலையைத் தொடங்கிய நார்டாஃப், ராபின்ஸ் இருவரில் ஒருவர் இசையமைப்பாளர், மற்றவர் சிறப்புக் குழந்தைகளின் ஆசிரியர். அவர்கள் செய்ததும் இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்று சீட்டு எழுதுவது இல்லை (வாட்ஸப்பில் சுற்றுகிற அந்த ராகப் பட்டியலை அனுப்பாமல் இருந்தால் புண்ணியமாகப் போகும்). குழந்தை பறையைத் தட்டினால் அந்தத் தட்டையே பியானோவில் பிடித்து, கூடவே வாசித்து, அதைப் பேச்சாக்குவது. இதை மருத்துவம் என்றால் மருந்து எங்கே என்று கேட்பார்கள்.

பண்டுவம் (வைத்தியம்) எனக்குப் பிடித்த சொல். எங்கள் ஊரில் மாட்டுக்கும் மனுசனுக்கும் பொதுவாக ‘பண்டுவம் பாக்கறது’ உண்டு. ஆனால் அதிலும் பச்சிலை வாசம்தான் வருகிறது. சிகிச்சை இன்றைக்கு எல்லாருடைய வாயிலும் இருக்கிறது, விட்டுவிடுவோம்.

மட்டக்களப்பு நண்பர் எழுதியது மட்டும் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. போர்க்காலத்தில், 1996-ல், அங்கே தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவை அவர் நினைவுபடுத்தினார். கனடா ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபையைச் சேர்ந்த பால் சற்குணநாயகம் அடிகளாரும் தொடங்கியது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து வரைந்தார்கள், மண்ணில் பொம்மை செய்தார்கள், கதை கட்டினார்கள். அந்தப் பிள்ளைகளை நோயாளி என்று யாரும் எழுதிவைக்கவில்லை, பிறகு அங்கே எதற்குச் சிகிச்சை என்ற சொல் என்று கேட்கிறார். நியாயம். அதற்குக் ‘கலைவழி ஆற்றுப்படுத்தல்’ என்று தனியாக ஒரு பதிவு போடலாம். தமிழ்நாட்டிலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) என்ற பணி இருக்கிறது, இலங்கையில் அதே கவுன்சிலிங்குக்கு உளவளத்துணை என்ற சொல்லும் இருக்கிறது, இரண்டு கரையிலும் புரியும். ஆனால் பட்டப்படிப்பு, தேர்வு, பதிவு என்று கட்டுப்பாடு உள்ள தொழிலுக்குச் சிகிச்சையே இருக்கட்டும். பிரிட்டனில் ‘ஆர்ட் தெரபிஸ்ட்’, ‘மியூசிக் தெரபிஸ்ட்’ என்ற பெயர்களைப் பதிவு இல்லாமல் போட்டுக்கொள்வது குற்றம். பிளே தெரபிஸ்ட்டுக்கு அங்கே அந்தச் சட்டக் காப்பு கிடையாது, மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதற்கு அதுவே சாட்சி.

சரி, இப்போது நம் ஆள். யார் இந்தக் கல்லூரி ஆசிரியர்? இங்கே மூன்று பேர் குழம்பிக் கிடக்கிறார்கள்: ஓவியமோ பாட்டோ கற்றுக்கொடுப்பவர், ஓவியத்தாலோ பாட்டாலோ சிகிச்சை செய்பவர், அந்தச் சிகிச்சையாளர்களை உருவாக்குபவர். நமக்கு வேண்டியது மூன்றாமவர்.

முதல் இருவருக்கு நடுவே கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் போதும். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்த ஓவியர், யூதர். 1942-ல் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசின் முகாமுக்கு அனுப்பப்பட்டார், அங்கே அடைபட்டிருந்த குழந்தைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தார், 1944-ல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். இரண்டு பெட்டிகளில் அவர் விட்டுப்போன சுமார் 4,500 குழந்தை ஓவியங்கள் இப்போது ப்ராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் தன்னை ஓவிய ஆசிரியராகத்தான் வைத்துக்கொண்டார். முகாமுக்கு முன்பு ப்ராகில் அகதிக் குழந்தைகளோடு அவர் வேலை செய்தபோது கூட இருந்து கற்ற ஈடித் கிராமர், நியூயார்க் போய், வரைவதே ஆற்றும் என்ற கட்சியை நிறுவி, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அடுத்த தலைமுறைச் சிகிச்சையாளர்களுக்குப் பாடம் எடுத்தார். அதாவது மூன்றாமவர் ஆனார். வரைந்ததைப் பற்றிப் பேசி உள்ளே இருப்பதை வெளிக்கொணர வேண்டும் என்ற எதிர்க்கட்சி மார்கரெட் நாம்பர்குடையது. ‘வழி’ இந்த இரண்டு கட்சிக்கும் பொருந்தும் என்பது எனக்குக் கூடுதல் சந்தோசம்.

இசையில் கதை இன்னும் வேடிக்கை. இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட வீரர்களுக்கு மருத்துவமனைகளில் வாசிக்கப் போன இசைக்கலைஞர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்று தெரிந்ததும், அமெரிக்காவில் 1944-ல் மிச்சிகன் மாநிலக் கல்லூரியும் அப்புறம் கன்சாஸ் பல்கலைக்கழகமும் இசைவழிச் சிகிச்சைப் படிப்பைத் தொடங்கின. அந்தத் தொழிலுக்குத் தேசியச் சங்கம் வந்தது 1950-ல்தான். வாத்தியார் முதலில், தொழில் அப்புறம். அவரைப் பட்டியலில் ஓர் ஓரமாகத் தள்ள முடியாது.

‘பேராசிரியர்’ என்பது பதவிப் படி, உதவிப் பேராசிரியரும் இணைப் பேராசிரியரும் விட்டுப்போவார்கள். ‘கல்வியாளர்’ மேடையில் பொன்னாடை வாங்குபவர். ‘பயிற்சியாளர்’ கூடவே கூடாது, பயிற்சி கொடுப்பவரா எடுப்பவரா என்று அதற்கே தெரியாது. நமக்கு முன்மாதிரி அரசுப் பள்ளிக்கல்வித் துறையிலேயே இருக்கிறது: வட்டார வள மையங்களில் ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் ‘ஆசிரியர் பயிற்றுநர்’. அதே கட்டு: ‘இசைவழிச் சிகிச்சையாளர் பயிற்றுநர்’. நடுவில் ‘ஆளர்’ இருப்பதால் நோயாளிக்குப் பயிற்சி கொடுப்பவர் என்ற குழப்பம் போய்விடும். ஐ.டி.ஐ. வாசம் அடிக்கிறது, பேராசிரியர்கள் கோபிப்பார்கள் என்று ஒரு நண்பர் எழுதினார். கோபிக்கட்டும், அவர்களுடைய பதவிப் பெயரை நாம் பிடுங்கவில்லை. தொழிலின் பெயர் இது, பதவியின் பெயர் அது.

அவர்கள் வகுப்பறையில் மட்டும் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். மாணவர் குழந்தையோடு இருக்கும் வீடியோப் பதிவை ஓட்டிப்பார்த்து, ‘இங்கே நீ ஏன் அருமைன்னு சொன்ன?’ என்று கேட்கிற வேலை அது. ஓவிய வகுப்பில் அருமை சொல்லலாம். குழந்தையை மையமாக வைத்த விளையாட்டுவழிச் சிகிச்சையில் அந்தப் பாராட்டையும் தவிர்க்கச் சொல்கிறார்கள், ஏனென்றால் அப்புறம் குழந்தை நமக்குப் பிடித்ததையே வரையும், விளையாடும். இந்தப் பொறுப்புக்கு ‘மேற்பார்வையாளர்’ என்று போட்டால் கட்டடத்து மேஸ்திரி. முனைவர் பட்டத்துக்கு நெறியாளர் என்கிறோமே, அதை நீட்டி ‘சிகிச்சை நெறியாளர்’ என்று எடுக்கலாமா? பயிற்றுநர், சிகிச்சை நெறியாளர் இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆள்தான், ஆனால் மருத்துவமனையில் இருக்கிற மூத்த சிகிச்சையாளரும் நெறியாளராக இருப்பார், கல்லூரியில் சம்பளம் வாங்கமாட்டார். எனவே தனிச் சொல் தேவை.

பட்டியலில் கேட்ட வரிக்கு என் வடிவம்: ‘ஓவியவழி, இசைவழி, விளையாட்டுவழிச் சிகிச்சையாளர் பயிற்றுநர்கள் (கல்லூரி)’. சுருக்கம் வேண்டுமென்றால் ‘கலைவழிச் சிகிச்சையாளர் பயிற்றுநர்’, ஆனால் விளையாட்டைக் கலைக்குள் அடக்க விளையாட்டுவழிக்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது சந்தேகம், அதனால் நீளமே மேல்.

‘சிகிச்சை நெறியாளர்’ மட்டும் எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. புதுச்சேரியிலும் சென்னையிலும் இசைவழிச் சிகிச்சை படித்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், வார்டில் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? வெறும் ‘மேடம்’ என்றால் அதையும் எழுதுங்கள். மற்ற சொற்களுக்கு மறுப்பு வராவிட்டால் வெள்ளிக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.