அம்மாவுக்கு வீட்டிலேயே ஓட்டு: வழி உண்டா?

குளச்சல்காரன்: அம்மாவுக்கு 86 வயது. போன முறை வாக்குச்சாவடி வாசலில் மூன்று படி, பிடிக்கக் கம்பி இல்லை. நானும் அத்தானும் நாற்காலியோடு தூக்கினோம். "மீன் கூடை மாதிரி தூக்குதியளே மக்களே" என்று ஒரே வெட்கம் அவளுக்கு. இனி என்ன செய்யலாம்?

தக்கலை டீச்சர்: 85 தாண்டியவர்கள் வீட்டிலேயே ஓட்டுப்போட விண்ணப்பிக்கப் படிவம் 12டி உண்டு. தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளுக்குள் கொடுக்கணும். பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) படிவத்தைக் கொண்டுவராவிட்டால் வாக்காளர் உதவி எண் 1950க்கு அழையுங்கள். ஒன்று, வீட்டு ஓட்டுக்கு அனுமதி வந்துவிட்டால் அப்புறம் சாவடியில் போட முடியாது.

முட்டம் அலை: அதிகாரிகள் வீட்டுக்கே வருவார்கள். மெஷின் இல்லை, தாள் சீட்டுதான்.

குளச்சல்காரன்: அங்கேதான் சிக்கல். "பட்டன் அமுக்கி பீப் கேட்டால்தான் ஓட்டு" என்கிறாள். அதனால் சாவடிக்கே கூட்டிப்போக, தேர்தல் ஆணையத்தின் சக்ஷம் செயலியில் சக்கர நாற்காலி கேட்டுப் பார்க்கிறேன்.