மலையில் பிளம்பிங் கான்ட்ராக்ட்: கோவை ரேட்டில் ஒத்துக்கொண்டால் எங்கே அடி விழும்? அனுபவம் சொல்லுங்கள்

குன்னூரிலிருந்து:
பாத்ரூமுக்கு இவ்வளவு என்று கோவை ரேட்டையே சொல்லி வேலை பிடிப்பது இங்கே கூடிவிட்டது. லாரி ரோட்டிலேயே நின்றுவிடும், வீடு படிக்கட்டுக்குக் கீழே இருக்கும். டேங்க், பைப், டைல்ஸ், சிமெண்ட் எல்லாம் தலைச்சுமைதான். அந்தக் கூலியைக் கொட்டேஷனில் தனி வரியாகப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து பர்லியார் ரோடு அடைத்தால் சரக்கு கோத்தகிரி சுற்றித்தான் வரும். கூடுதல் வாடகை யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 18% ஜிஎஸ்டி தனி, பித்தளை ஐட்டம் விலை 15 நாளுக்கு மட்டும் செல்லும் என்றும் எழுதுங்கள். இந்த இரண்டும் விட்டுப்போனால் லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

ஊட்டியிலிருந்து:
குன்னூர் அண்ணா சொன்னது சரி. ஆனால் வேலை முடிந்த பிறகு திரும்பத் திரும்பக் கூப்பிட வைப்பது பிரஷர்தான். 10 மீட்டர் இறக்கத்துக்கு 1 கிலோ (சதுர செ.மீ.க்கு) பிரஷர் ஏறும். டேங்க் மேட்டில், காட்டேஜ் 45 மீட்டர் கீழே என்றால் ராத்திரி யாரும் குழாய் திறக்காத நேரத்தில் லைனில் 4.5 கிலோ நிற்கும். முதலில் போவது ஹெல்த் ஃபாசெட் (டாய்லெட் கை ஸ்ப்ரே) ஹோஸ், அடுத்தது ஃபிளஷ் டேங்க் ஃப்ளோட் வால்வு.

பிஆர்வி (பிரஷரைக் குறைக்கும் வால்வு) போட்டு 2 கிலோவில் செட் பண்ணினால் தீரும். ஆனால் எங்கே போடுகிறோம் என்பது முக்கியம். கீசர் லைனுக்கு மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்கள். அப்போது 4.5 கிலோ பச்சைத் தண்ணீர் மிக்சர் வழியாக ஹாட் லைனுக்குள் ஏறும், ஷவரில் சூடே வராது. கீசரைக் குறை சொல்லி எலிமெண்ட் மாற்றுவது வீண் செலவு. ஹாட், கோல்டு பிரியும் முன்பே பொது லைனில் போட வேண்டும். வரிசை: கேட் வால்வு, ஸ்ட்ரெய்னர் (மணல் வடிகட்டி), பிஆர்வி, பிரஷர் கேஜ், இரண்டு பக்கமும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு). ஊற்றுத் தண்ணீரில் மணல் வரும்; ஒரு துகள் வால்வு மூடும் இடமான சீட்டில் உட்கார்ந்தாலும் வால்வு முழுசாக மூடாது. எல்லாக் குழாயையும் மூடிவிட்டுக் கால் மணி நேரம் கேஜைப் பாருங்கள். முள் மெதுவாக ஏறினால் சீட்டில் அழுக்கு.

இன்னொன்று, பல பிஆர்வி தண்ணீரைத் திரும்ப விடாது. கீசர் சூடாகும்போது விரியும் தண்ணீர் போக வழியில்லாமல் சேஃப்டி வால்வு சொட்டும். அதை அடைக்கச் சொன்னால் ஒருபோதும் செய்யாதீர்கள், தொட்டி வெடிக்கும் அபாயம். விரியும் தண்ணீரை வாங்கிக்கொள்ள சிறிய எக்ஸ்பான்ஷன் வெசல் (தொட்டி) வையுங்கள்.

கோத்தகிரியிலிருந்து:
மார்கழி, தை வேலைக்கு ஒரு வார்த்தை. குளிரில் சிபிவிசி (சுடுதண்ணீர் பிளாஸ்டிக் பைப்) ஒட்டும் சால்வெண்ட் பசை சீக்கிரம் காயாது. 10 டிகிரிக்குக் கீழே என்றால் ஒரு ராத்திரி விட்டு மறுநாள் டெஸ்ட். டப்பாவில் கூழாகிவிட்ட சால்வெண்டை இளக்கிப் போட வேண்டாம், தூக்கி எறியுங்கள். ஹாட் லைன் 10 மீட்டர் நேராக ஓடினால், சூடு 45 டிகிரி ஏறும்போது பைப் ஏறக்குறைய 28 மி.மீ. நீளும். கிளாம்பை இறுக்கிவிட்டால் எல்போவில் விரிசல்.

கீசர் புகாரில் பாதி இப்படித்தான்: 12 டிகிரி தண்ணீரை 2 கிலோவாட், 15 லிட்டர் கீசர் 55 டிகிரிக்குக் கொண்டுவர 22 நிமிடம் ஆகும்; 27 டிகிரி தண்ணீருக்கு 15 நிமிடம் போதும். பார்ட்டியிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

கொடைக்கானலிலிருந்து:
ரிசார்ட்டுகள் விறகு பாய்லரை விட்டு ஹீட் பம்புக்கு (காற்றிலுள்ள சூட்டை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் மெஷின்) மாறுகின்றன. பிரோஷரில் உள்ள லிட்டர் கணக்கு இதமான காற்றுக்கானது. 5 டிகிரியில் மெஷினின் குழாய்ச் சுருளில் பனி பிடிக்கும், அதை உருக்கும் டிஃப்ராஸ்ட் நேரத்தில் தண்ணீர் சூடாகாது. 5 டிகிரி அவுட்புட் எவ்வளவு என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கி, ஸ்டோரேஜ் டேங்கைப் பெரிதாகப் போடுங்கள். உறைபனி விழும் இடத்தில் ஃபிளாட் பிளேட் சோலார் ஹீட்டரையும் நேரடித் தண்ணீர் லைனில் வைக்க வேண்டாம், காப்பர் டியூப் வெடிக்கும். கிளைகால் (உறைவதைத் தடுக்கும் திரவம்) உள்ள மூடிய சுற்று வேண்டும்.

ஊட்டியிலிருந்து:
தண்ணீர் மோட்டார் பற்றியும் ஒரு வார்த்தை: 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, சமவெளியில் 7 மீட்டர் இழுக்கிற மோட்டார் இங்கே 5 மீட்டரைத் தாண்டினால் திணறும். மோட்டாரைச் சம்புக்குப் பக்கத்திலேயே, முடிந்தால் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வையுங்கள்.