ஜிம்னிக்கு 50 மி.மீ. லிஃப்ட் போட்டபின் 80-ல் ஸ்டீயரிங் உதறல்: கழற்றுவதா, சரிசெய்வதா?

மண்சாலை:
வணக்கம். என்னுடையது ஐந்து கதவு மாருதி ஜிம்னி, மேனுவல். போன மாதம் பாடியை 50 மி.மீ. உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டேன். நாலு ஸ்பிரிங், நாலு ஷாக், முன் ஆக்சிலைப் பிடிக்கும் கைகளுக்கு கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) திருத்தும் புஷ், கிட்டில் இருந்தது அவ்வளவுதான். டயரையும் 195/80-லிருந்து 215/75 ஏடிக்கு (தார், மண் இரண்டுக்குமான டயர்) மாற்றியாயிற்று. விற்றவர் ‘ஹெவி’ ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு இரும்பு பம்பர், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் என்று எதை மாட்டினாலும் தாங்கும் என்றார், அதையே எடுத்தேன். இன்றைய தேதிக்கு வண்டியில் பம்பரும் இல்லை, வின்ச்சும் இல்லை.

தொல்லை மூன்று. பைபாஸில் 80-ஐத் தொடும்போது பாலத்தின் இணைப்பு ஏதாவது வந்தால் ஸ்டீயரிங் படபடவென்று உதறுகிறது, 60-க்குக் குறைத்தால்தான் அடங்குகிறது. திருப்பத்தில் வளைத்துவிட்டுக் கையைத் தளர்த்தினால் முன்போல் தானாக நேருக்கு வருவதில்லை. அப்புறம், ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போது சத்தமில்லை, இறங்கும்போது முன்னாலிருந்து ‘டொக்’. பொருத்திய கடையில் கேட்டால் ஸ்டீயரிங் டேம்பரை (உதறலை அமுக்கும் சின்ன ஷாக்) மாற்றினால் எல்லாம் போய்விடும் என்கிறார்கள். நம்பலாமா?

பழைய ஜிப்ஸி:
நம்பவேண்டாம். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கம்பெனி ஸ்பிரிங்கை மாட்டுங்கள். இது ரிஜிட் ஆக்சில் வண்டி தம்பி, இரண்டு சக்கரத்தையும் ஒரே ஆக்சில் இணைத்திருக்கும், பாடியைத் தூக்கினால் அதிலுள்ள டிஃப் (டிஃபரன்ஷியல்) தூக்கிக்கொள்ளாது. தடத்தில் கல் முதலில் மோதுவது டிஃப் உருண்டையில்தான், அது சக்கரத்தோடு தரையில் நிற்கிற சாமான். உங்கள் டயர் மாற்றத்தில் விட்டம் 10 மி.மீ. கூடியிருக்கும், அதில் பாதி, அதாவது 5 மி.மீ. டிஃபுக்குக் கிடைத்தது. இத்தனை செலவுக்கும் ஆக்சிலுக்கு அடியில் கூடியது அந்த 5 மி.மீ.தான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப்புகளைப் பாருங்கள், லீஃப் (பட்டை) ஸ்பிரிங்கோடு ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு தினமும் போய் வருகிறார்கள். அந்த ஓட்டுநர்கள் யாரும் ஆன்லைனில் லிஃப்ட் கிட் தேடுவதில்லை.

கொல்லிமலை70:
டிஃப் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி அண்ணா. நடு வயிறு? மூன்று கதவு ஜிம்னியின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களின் இடைவெளி) 2250 மி.மீ., நம் ஊரில் விற்ற ஐந்து கதவு 2590. தரையில் முட்டாமல் ஏற முன் கோணம் 36, இறங்கப் பின் கோணம் 50 டிகிரி என்று இரண்டும் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் நடுவில் 24 டிகிரிதான், மூன்று கதவில் 28. மேட்டு முகட்டைத் தாண்டும்போது நடுவில் உட்கார்ந்துகொள்வது இதனால்தான். 50 மி.மீ. தூக்கினால் சுமார் 4 டிகிரி திரும்பக் கிடைக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று கதவு வண்டி பிறக்கும்போதே வைத்திருந்ததை ஐந்து கதவு வாங்குகிறது, இதில் என்ன ஆடம்பரம்? கொழுக்குமலை ஜீப்காரர்கள் கிட் வாங்குவதில்லைதான், பட்டறைக்குப் போய் ஒரு பட்டை சேர்த்துவிட்டு வருவார்கள். அதற்குப் பெயர் என்னவாம்?

வால்பாறை வண்டி:
மண்சாலை ப்ரோ, என் ஜிம்னியிலும் லிஃப்டுக்குப் பிறகு இதே உதறல். கனமான டேம்பர் ஒன்று வாங்கிப் போட்டேன், போய்விட்டது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி ஏறி இறங்குகிறேன், ஒரு புகாரும் இல்லை. சின்ன விஷயத்தை இழுக்காதீர்கள்.

ஸ்பேனர்:
கொண்டை ஊசியில் 80-ல் யாரும் போவதில்லை, அங்கே உதறல் தெரியாமல் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

மண்சாலை, நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று தனித்தனி நோய். ஒரே மாத்திரை தேடினால் கடைக்காரர் சொன்ன டேம்பரில்தான் போய் நிற்பீர்கள்.

ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாததற்குக் காரணம் கேஸ்டர். முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளும் பின்னால் சேசிஸில் மாட்டியிருக்கின்றன. பாடியைத் தூக்கினால் கையின் முன்முனை கீழே சாய்கிறது, ஆக்சில் கையோடு சேர்ந்து உருள்கிறது, கிங்பின்னின் (சக்கரம் திரும்பும் அச்சு) தலை முன்பக்கம் போய்விடுகிறது. கையை டேப் வைத்து அளந்து பாருங்கள், பேச்சுக்கு 75 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 50 மி.மீ. சாய்வுக்குக் கிட்டத்தட்ட 4 டிகிரி கேஸ்டர் போச்சு. அதை மீட்கத்தான் ஓட்டை ஓரமாகத் துளைத்த அந்த புஷ். ஆக்சில் பக்கம் ஒரு கைக்கு இரண்டு புஷ் உட்காரும், அதில் திசைக் குறி இருக்கும். தலைகீழாக அழுத்திவிட்டால் மீட்பதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். அதனால் முதல் வேலை அலைன்மென்ட் கடையில் அச்சுத்தாள் வாங்குவது. ‘பார்த்துவிட்டோம் சார், ஓகே’ என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை ஏற்காதீர்கள், டோ (சக்கரங்கள் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் பார்த்துவிட்டு அனுப்புகிற இடங்கள் நிறைய. கேஸ்டர் எண் வலது இடது இரண்டும் தாளில் வேண்டும்.

உதறல் பெரும்பாலும் கேஸ்டரால் வருவதல்ல, எங்கோ ஆட்டம் இருக்கிறது. புது டயர் என்பதால் பேலன்ஸிங்கிலிருந்து தொடங்குங்கள். பிறகு வண்டி தரையில் நிற்கும்போது ஸ்டார்ட் செய்து ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக வேகமாக ஆட்டட்டும், இன்னொருவர் கீழே படுத்து பான்ஹார்டு ராடின் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) இரு முனைகளையும் பார்க்கட்டும், போல்ட் ஓட்டைக்குள் துளி நகர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியும். அடுத்து ஜாக்கி கொடுத்து ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு சக்கரத்தை மேலும் கீழும், கடிகாரத்தில் 12-ம் 6-ம் இருக்கும் இடத்தில், பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் கிங்பின் பேரிங். கம்பெனியே ஒரு டேம்பர் கொடுத்துத்தான் அனுப்புகிறது, அதைவிடப் பெரிதாகப் போட்டால் உதறல் கைக்குத் தெரியாது, தேய்மானம் உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

டொக் சத்தம் ஷாக் முழுக்க நீண்டு முட்டுவது. உயரத்தை அளக்காமல் அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. சக்கர ஹப் நடுவிலிருந்து வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேல் பாடியின் வளைவு) விளிம்புவரை அளந்து சொல்லுங்கள், தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் கணக்கைக் குழப்பிவிடும்.

கருப்பு கோட்டு:
மெக்கானிக் பேச்சுக்கு நடுவே வருவதற்கு மன்னிக்கவும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். ஸ்பிரிங் மாற்றியதற்கு யாரையும் உள்ளே தள்ளியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் உதறுகிற வண்டி யார்மீதாவது மோதினால் காப்பீட்டுக்காரர் முதலில் குனிந்து பார்ப்பது இதைத்தான்.

கொல்லிமலை70:
அப்படிப் பார்த்தால் ஊரில் பாதி ஏடி டயரும் வின்ச்சும் கழற்றப்பட வேண்டும். சட்டம் இருக்கிறது, மறுக்கவில்லை, கேள்வி அதுவல்லவே.

கருப்பு கோட்டு:
கழற்றப்பட வேண்டியதுதான். நீங்கள் கேட்காத கேள்விக்கும் பதில் தெரிந்திருக்கட்டும் என்று சொன்னேன்.

மண்சாலை:
ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்கு அடியில்தான். லிஃப்ட் போடாத நண்பரின் ஜிம்னியைப் பக்கத்தில் நிறுத்தி அளந்தேன். ஹப்பிலிருந்து ஆர்ச்வரை என் வண்டி முன்னால் 68 மி.மீ., பின்னால் 74 மி.மீ. கூடுதல். சக்கரத்தை ஆட்டிப் பார்த்ததில் இரண்டு பக்கமும் கல் மாதிரி நிற்கிறது. ஆனால் முன் பான்ஹார்டின் ஆக்சில் பக்க போல்ட் ஸ்டீயரிங் ஆட்டும்போது ஓட்டையில் நெளிந்தது, சுற்றிலும் பெயின்ட் உரிந்து பளபளவென்று இரும்பு தெரிகிறது. ஸ்பேனர் வைத்தால் சுலபமாகச் சுற்றியது. முறுக்கிவிட்டு பேலன்ஸிங்கும் செய்தேன். இப்போது 80-ல், 90-ல்கூட உதறல் இல்லை. ஸ்டீயரிங் திரும்பாததும் டொக்கும் அப்படியே இருக்கின்றன. அலைன்மென்ட் தாளில் கேஸ்டர் இரு பக்கமும் ஒரு டிகிரிகூட இல்லை.

வால்பாறை வண்டி:
போல்ட் தளர்ந்திருந்தது உங்கள் கடைக்காரரின் வேலைக்குறை. அதை வைத்து டேம்பர் வீண் என்று முடிவுகட்டாதீர்கள்.

ஸ்பேனர்:
வீண் என்று நான் சொல்லவில்லை, கடைசியில் போடவேண்டியது என்கிறேன். உங்கள் வண்டியில் பான்ஹார்டு போல்ட்டைப் பார்த்தீர்களா? பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

மண்சாலை, டேப் சொல்லிவிட்டது. பெட்டியில் 50 என்று அச்சடித்திருப்பது அந்த ஸ்பிரிங் எதிர்பார்க்கிற சுமையை ஏற்றினால் நிற்கும் உயரம். பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் மூக்கில் அறுபது கிலோ அளவுக்கு ஏறும், அதற்காகச் சுற்றிய ஸ்பிரிங்கை வெறும் மூக்குக்குக் கீழே வைத்தால் அது அமுங்காது. 50-க்கு அளவாகச் செய்த கேஸ்டர் புஷ் 68-க்குப் பற்றாது, 50-க்கு அளவான ஷாக்கில் கீழே நீளும் இடத்தில் 18 மி.மீ. ஏற்கனவே தின்றாயிற்று. ஸ்பீடு பிரேக்கரின் மறுபக்கம் சக்கரம் விழும்போது ஷாக் கடைசிவரை போய் முட்டுகிறது, அதுதான் உங்கள் டொக். இப்படியே ஓட்டினால் ஷாக்கின் உள்தலை போகும். ஒரு பெரிய குழியில் பின்சக்கரம் தொங்கும்போது பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய்க் குழாய்) விறைக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய ஜிப்ஸி:
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். ஸ்பிரிங் போட்டால் புஷ், புஷ் போட்டால் பான்ஹார்டு, பான்ஹார்டு மாற்றினால் டிராக் லிங்க் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி), அதற்குள் ஹோஸ். நூல் இழுத்தால் சட்டை முழுக்க வந்துவிடும். என் மாருதி ஜிப்ஸியில் நான்கு பக்கமும் லீஃப், இந்த வம்பே கிடையாது.

ஸ்பேனர்:
லீஃபில் ஆக்சில் பட்டையோடு நேராக இறங்கும், கை பிடித்து உருட்டாது, அதனால் கேஸ்டர் அதிகம் மாறாது. அந்த அனுபவத்தை அப்படியே ஜிம்னிக்குக் கொண்டுவந்தால் பொருந்தாது அண்ணா. கழற்றுவதும் ஒரு வழிதான், ஒரே வழி அல்ல. ஸ்பிரிங்கை மட்டும் சுமையில்லாத வண்டிக்கான ரகத்துக்கு மாற்றினால் உயரம் 50 பக்கம் வந்துவிடும், இருக்கிற புஷ்ஷும் ஷாக்கும் அதற்குச் சரியாக இருக்கும். அதன்பிறகும் ஆக்சில் பக்கவாட்டில் ஏழெட்டு மி.மீ. விலகி நிற்கும், அது கண்ணுக்கு உறுத்தினால் நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்டு போடலாம், அவசரமில்லை.

கொல்லிமலை70:
இல்லை, எதிர்த்திசையில் யோசியுங்கள். எப்படியும் பம்பரும் வின்ச்சும் மாட்டப்போகிறவர்தானே? இப்போதே மாட்டினால் ஸ்பிரிங் அமுங்கி உயரம் சரியாகிவிடும். ஸ்பிரிங்குக்கு இரண்டாவது தடவை ஏன் காசு?

ஸ்பேனர்:
ஸ்பிரிங்கைச் சரிக்கட்ட அறுபது கிலோ இரும்பு வாங்கச் சொல்கிறீர்கள். 1200 கிலோ வண்டி, 105 குதிரைத்திறன், மேட்டில் அதன் பலமே எடை குறைவாக இருப்பதுதான். பின்னால் 74 இருக்கிறதே, அதை அமுக்க என்ன ஏற்றுவது, சிமென்ட் மூட்டையா?

பழைய ஜிப்ஸி:
இதில் ஸ்பேனர் பக்கம் நான்.

மண்சாலை:
சரி, லைட் ஸ்பிரிங் விசாரித்துவிட்டேன், இந்த ஹெவி செட்டை எடுத்துக்கொண்டு வித்தியாசப் பணம் கேட்கிறார்கள். ஒரு கேள்வி. லிஃப்டுக்குப் பிறகு ஸ்டீயரிங் நேராக இல்லை, சிறிது வலப்புறம் சாய்ந்தே நிற்கிறது. ஸ்டீயரிங்கைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர்.

ஸ்பேனர்:
விடாதீர்கள். ஸ்டீயரிங் கோணத்தை ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் தடுக்கும் அமைப்பு) சென்சார் பார்த்துக்கொண்டிருக்கிறது, பல் தள்ளி மாட்டினால் நீங்கள் நேராகப் போகும்போது வண்டி வளைவதாக அது நினைக்கும், தேவையில்லாத நேரத்தில் பிரேக் பிடிக்கும். டிராக் லிங்கில் நீளம் திருத்தும் மரை இருக்கிறது, அதில்தான் சரிசெய்யவேண்டும். உயரம் மாறியதும் செய்யுங்கள், இப்போது செய்தால் மறுபடி செய்யவேண்டி வரும்.

இன்னொன்று, கூடவே நின்று பார்க்கவேண்டியது இது. புது ஸ்பிரிங் மாட்டும்போது கைகளின் போல்ட்டையும் பான்ஹார்டு போல்ட்டையும் வண்டி ராம்பில் தொங்கிக்கொண்டிருக்கும்போது முழுக்க முறுக்கவிடாதீர்கள். கையால் ஏற்றிவிட்டு, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, இரண்டு தடவை அமுக்கி விட்டு, எடை உட்கார்ந்தபின் டார்க் ரெஞ்ச் போடச் சொல்லுங்கள். தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்ட நிலையிலேயே வாழும், சீக்கிரம் கிழியும். உங்கள் பான்ஹார்டு போல்ட் முதல் தடவையே அரைகுறையாக நின்றதற்கு என் சந்தேகம், தரையில் இறக்கி முறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டு அப்புறம் மறந்திருக்கிறார்கள்.

வால்பாறை வண்டி:
என் பான்ஹார்டைப் பார்த்தேன். போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கிறது. புஷ் ஒரு பக்கம் விரிசல். டேம்பர் நன்றாக இருக்கிறது.

ஸ்பேனர்:
புஷ்ஷை மாற்றுங்கள். அப்புறம் டேம்பரைக் கழற்றிவிட்டு ஆளில்லாத ரோட்டில் மெதுவாக வேகமேற்றி ஓட்டிப் பாருங்கள், உதறல் வருகிறதா என்று வந்து எழுதுங்கள், நான் சொன்னது தப்பென்றால் ஒத்துக்கொள்கிறேன்.

வால்பாறை வண்டி:
புஷ் மாற்றுகிறேன். டேம்பரைக் கழற்றமாட்டேன்.

பழைய ஜிப்ஸி:
மண்சாலை, கம்பெனி ஸ்பிரிங்கை மட்டும் யாருக்கும் விற்றுவிடாதீர்கள். பதினைந்து வருஷம் கழித்து எஃப்சிக்குப் போகும்போது மாட்டிக்கொண்டு போகலாம்.

கருப்பு கோட்டு:
இதையெல்லாம் பொதுவில் எழுதவேண்டுமா ஐயா?