கதவை இடித்த ஆள்

என்னோடு வேலை பார்த்த ஒருவரைக் கண்டாலே எனக்கு ஆகாது. யார் என்ன கேட்டாலும் யோசிக்காமல் "முடியாது" என்பார். எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, இருந்தும் வீட்டுக்கு வந்த பிறகும் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே இருப்பேன். அந்தச் சமயத்தில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது: அழுக்குச் சட்டை போட்ட ஒருவன் கதவை இடிக்கிறான், நான் உள்ளே தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

யாரோ சொல்லி, சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங் பக்கம் போனேன். நம்மிடம் இருப்பதை ஒப்புக்கொள்ள மனமில்லாதபோது அதை அடுத்தவர் மேல் ஏற்றிப் பார்க்கிறோம், அப்படி ஒதுக்கித் தள்ளியதுதான் 'நிழல்' என்கிறார். படித்ததும் கோபம்தான் வந்தது. நானா அவரைப் போல? எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஆள் நான்! (அதேதான் விஷயம் என்று புரிய நாலைந்து மாதமானது.)

யுங்கிடம் 'ஆக்டிவ் இமேஜினேஷன்' என்று ஒரு முறை உண்டு. விழித்திருக்கும்போதே கனவில் வந்த உருவத்தை மனசில் நிறுத்தி, அதனிடம் பேச்சுக் கொடுத்து, வருவதை எழுதிவைப்பது. பதிலை நாமே இட்டுக்கட்டக் கூடாது, அதுதான் கஷ்டம். முதல் மூன்று நாள் நான் எழுதியதெல்லாம் நாடக வசனம். நாலாவது நாள் "என்ன வேணும் உனக்கு?" என்று கேட்டேன். "உட்காரணும்" என்றான். அவ்வளவுதான். அழுதுவிட்டேன், ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு வேலையை மறுத்தேன். குரல் நடுங்கியது, தேவைக்கு மேல் கடுமையாகவும் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். அவர்கள் பழகியது என் 'பெர்சோனா'வோடு, அதாவது வெளியே காட்டுவதற்காக நான் போட்டிருந்த முகத்தோடு. நடிகர்கள் போடும் முகமூடிக்கான லத்தீன் சொல்லாம் அது.

*

மேலே எழுதியவருக்கு நடந்தது போலில்லை, எனக்கு நடந்தது வேறு மாதிரி. நிழல் என்றால் கெட்டது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். தோழி ஒருத்தி படம் வரைந்து காட்டும்போதெல்லாம் குறை சொல்வேன், பொறாமை என்றுகூடத் தெரியாமல். சின்ன வயதில் நான் வரைந்ததைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள், அன்றைக்கு மூட்டை கட்டிப் போட்ட அந்த ஆசையும் என் நிழல்தான். இப்போது வரைகிறேன், மோசமாகத்தான். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

*

முதலில் எழுதியவர் சொன்ன 'ஆக்டிவ் இமேஜினேஷன்' முறையை ராத்திரி ராத்திரியாகத் தனியாகச் செய்து தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவன் நான். உருவங்கள் பகலிலும் விடவில்லை. சிகிச்சையாளர் ஒருவர்தான், முதலில் ஒழுங்காகத் தூங்குங்கள், அப்புறம் உங்களைக் கண்டுபிடிக்கலாம் என்று நிறுத்தினார். 1913இல் உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃபிராய்டோடு உறவு முறிந்த பிறகு தன் மனசின் ஆழத்தில் இப்படி இறங்கிய யுங்கே, நோயாளிகளைப் பார்ப்பதை விடவில்லை, குடும்பமும் வேலையும்தான் தன்னைத் தரையில் நிறுத்தின என்று பின்னாளில் சொன்னார். அப்போது கண்ட உருவங்களை எழுதியும் வரைந்தும் வைத்த அவருடைய 'சிவப்புப் புத்தகம்' அச்சில் வந்ததே 2009இல், அவர் இறந்து 48 வருஷம் கழித்து. நான் ஒரே மாதத்தில் தெளிந்துவிடப் பார்த்தேன்.

இப்போது வாரத்துக்கு ஒரு நாள், பகலில், அரை மணி நேரம். அலாரம் வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.